தரையைத் தோண்டும் துறை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் தேர்வுத்துறை அலுவலகத்தில் ஒரு விடைத்தாளிலிருந்து இரண்டு வட்டங்கள் இறங்கித் தரையில் நின்றன. பெரியதன் ஆரம் முப்பத்தாறு அங்குலம், சிறியதற்கு ஒன்பது. கம்பி வளையம் போல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்ற அவற்றை நான்கு பேர் தள்ளியும் அசைக்க முடியவில்லை. விடைத்தாள் ஒரு கெட்டிக்காரப் பெண்ணுடையது. இரண்டு வட்டங்களுக்கும் அவை நிற்கும் கோட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில், மூன்றையும் தொடும்படி ஒரு குட்டி வட்டம் வரைந்தால் அதன் ஆரம் என்ன என்பது கேள்வி. அவள் நான்கு என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பு தயாரித்த மகானுபாவர் வர்க்கமூலம் எடுக்க மறந்து ஏழு புள்ளி இரண்டு என்று போட்டுவிட்டார். திருத்துகிறவர்கள் கணக்கையா பார்க்கிறார்கள், குறிப்பைத்தானே பார்க்கிறார்கள்! ஐந்து மதிப்பெண் போய்ப் பெண் தோற்றாள். நில அளவைப் பயிற்சியில் அவளுக்கு வைத்திருந்த இடமும் போயிற்று.

அவளுடைய அம்மா தையற்காரி. கத்தரிக்கோலோடு வந்து, அட்டையில் நான்கு அங்குல ஆரத்துக்கு ஒரு வட்டம் வெட்டி இடுக்கில் செருகினாள். அது இரண்டு வளையங்களையும் தரையையும் தொட்டுக்கொண்டு கச்சிதமாக நின்றது.

"கண்ணு இருக்குல்ல? பாருங்க சார்."

இயக்குநர் குனிந்து பார்த்தார். "சரியாத்தாம்மா இருக்கு. ஆனா குறிப்புல அப்படி இல்லையே."

"அப்போ உங்க ஏழு புள்ளி ரெண்டை நுழைச்சுக் காட்டுங்க!"

நுழையவில்லை. வெட்கம் என்று ஒன்று இருந்தால் அன்றைக்கே மதிப்பெண்ணைப் போட்டிருப்பார்கள். விடைக்குறிப்பு தப்பாக இருக்க முடியாது, ஆகவே தரைதான் மேடாக இருக்கிறது என்று கோப்பு எழுதினார்கள். இரண்டடி தோண்டினார்கள். வட்டங்களும் இரண்டடி இறங்கித் தரையைத் தொட்டு நின்றன, இடுக்கு அதே இடுக்கு. மறுவருடமும் தோண்டினார்கள். மூன்று இயக்குநர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். தப்பு என்று ஒரு வார்த்தை எழுத ஒருத்தருக்கும் கை வரவில்லை.

இப்போது அலுவலகம் நாற்பதடி ஆழத்தில் இருக்கிறது. ஊழியர்கள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்குகிறார்கள். தோண்டும் ஒப்பந்தக்காரர் அளவெடுக்க அந்தப் பெண்ணையே வைத்துக்கொண்டார். அவர் சான்றிதழ் கேட்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு தடவை தோண்டி முடிந்ததும் அவள் நாடாவைப் பிடித்துப் பார்த்து, இடுக்கில் நான்கு அங்குல ஆரம்தான் கொள்ளும் என்று எழுதிக் கொடுப்பாள். அளவு சரி என்று இயக்குநர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். தோற்றவர்கள் பட்டியலில் அவள் பெயர் அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி தோண்டுகிறார்கள். ஏணிக்கு இன்னும் மூன்று படி சொல்லியிருக்கிறார்கள்.