முகத்திரை விலகும் முன்

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் எடுத்த முதல் கல்யாணம் ரவுஷான் அக்கா வீட்டுக் கல்யாணம். அதுவரை கேமரா என் கையில் இருக்கும், விளக்கு அவர் கையில் இருக்கும்.

அவருடைய ஆண்டு நினைவு விருந்து முடிந்த மாதம் அக்கா கூப்பிட்டாள். அவளுடைய அண்ணன்மார் அல்மாட்டி நகரத்திலிருந்து ஆள் வரவழைக்கலாம் என்றார்களாம். "மூத்தவன் கல்யாணத்த இவதான் எடுத்தா. இளையவனுக்கும் இவதான்" என்று அவள் ஒரே போடாகப் போட்டுவிட்டாளாம். மணப்பெண்ணின் முகத்திரை ஒரே ஒரு தடவைதான் விலகும். அந்தப் படம் கிடைக்காவிட்டால் மற்றவை எல்லாம் இருந்தும் பயனில்லை. அக்காவுக்குத் தலைகுனிவு. ஷூ என்னும் எங்கள் சிற்றூரில் அதற்குப் பிறகு என்னை யாரும் அழைக்கவும் மாட்டார்கள்.

விளக்குப் பிடிக்க என் கொழுந்தன் வந்தான். நான் மருமகளாக வந்தபோது அவனுக்கு வைத்த பெயர் நெட்டையன். எங்கள் வழக்கப்படி, அவனுடைய சொந்தப் பெயரை இன்றுவரை என் வாயால் சொன்னதில்லை. லாரி ஓட்டுகிறவன், விளக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. "அண்ணிய விட்டு ஒரு அடி நகராதே. கூட்டத்துல தனியா விடாதே" என்று மாமியார் அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அவனும் நகரவில்லை. வந்ததிலிருந்து அவன் மூச்சு என் தலையில் பட்டுக்கொண்டே இருந்தது.

மழைக்குப் பயந்து முற்றத்தின் மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் கீழ் நின்ற அத்தனை முகங்களிலும் நீலம் பாய்ந்திருந்தது. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் கல்யாணக் கூட்டம் குளிரில் விறைத்த கூட்டமாகத் தெரியும்.

பாட்டுக்காரர் ஜுமதாய் அண்ணன், தோம்பிரா என்ற இரட்டைத் தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடத் தொடங்கினார். வெள்ளை முகத்திரைக்குள் பெண் நின்றாள். மாப்பிள்ளை வீட்டு உறவுகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பாடுவார். பெண் குனிந்து வணங்குவாள். பெயர் வந்தவர் முன்னால் போய்த் தட்டில் அன்பளிப்பு போடுவார். உறவெல்லாம் முடிந்ததும் தோம்பிராவின் கழுத்தால் திரையை விலக்குவார்.

முதல் வணக்கத்துக்கே பட்டனை அழுத்தினேன். கேமரா சொடுக்கியது. விளக்கு எரியவில்லை.

"என்னடா செஞ்ச?"

"நான் எதையும் தொடலயே அண்ணி. புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், அவ்வளவுதான்."

விளக்கிலேயே உள்ள சோதனைப் பட்டனை அழுத்தச் சொன்னேன். பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் விளக்கில் குறையில்லை. பேட்டரியைக் கோட்டுக்குள் வெதுவெதுப்பாக வைத்திருந்தேன், அதுவும் நிறைந்திருந்தது. கேமராவின் தலையில் இருந்த, விளக்குக்குச் சமிக்ஞை அனுப்பும் டிரிகரைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தைத் துடைத்து, மறுபடி மாட்டினேன். டிரிகரிலும் விளக்கிலும் சேனல் எண் ஒன்றேதான். அழுத்தினேன். இல்லை. மறுபடி அழுத்தினேன், எரிந்தது. அடுத்ததற்கு இல்லை. ஒரேயடியாகச் செத்திருந்தால்கூட மனம் தெளிந்திருக்கும்.

"நேத்து வீட்டுல நல்லாத்தானே எரிஞ்சுது?" என்றான்.

"எரிஞ்சுது. நான் அடுப்படியில இருந்தேன், நீ வாசல்ல இருந்தே."

"அப்ப இது கல்யாண வீடு பாத்து வெக்கப்படுது."

பெரியப்பாக்கள் முடிந்து சித்தப்பாக்கள் வந்துவிட்டார்கள். கம்பியில்லாத மைக் குழப்புகிறதோ என்று சேனலை மாற்றிப் பார்த்தேன். பயனில்லை. சமிக்ஞை எட்டவில்லை போலும் என்று நெட்டையன் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். நான்தான் "கிட்ட கொண்டா" என்றேன். கடைசியில் விளக்கு கேமராவோடு உரசிக்கொண்டு நின்றது. இப்போது ஒரு தடவைகூட எரியவில்லை.

அத்தைகளும் முடிந்தார்கள். ஜுமதாய் அண்ணன் பாடிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் திரையை விலக்கத் தோம்பிராவைத் தாழ்த்தவில்லை. இன்னொரு சுற்று மீட்டிவிட்டுப் புதிதாக ஒரு பாட்டுக் கட்டினார்:

"வெளிச்சம் தேடி நிக்கிறா நம்ம ஊருப் பொண்ணு,
எர்சாயின் வீட்டுக்காரி, ஊரு பாத்த கண்ணு;
விளக்கு கண்ணைத் தொறக்கும்வர பாட்டு என்கிட்ட உண்டு,
அவளுக்கும் ஒரு வணக்கம் வை, மருமகளே, நின்னு!"

கூட்டம் சிரித்தது. திரைக்குள்ளும் யாரோ சிரித்தார்கள். பெண் என்னை நோக்கிக் குனிந்தாள். என் வீட்டுக்காரர் பெயரை இவ்வளவு சத்தமாக நான் கேட்டு ஓர் ஆண்டுக்கு மேலாகிவிட்டது. கேமராவை விட்டு என்னால் நகர முடியாது. ஆனால் வணக்கம் வாங்கியவர் போய்த் தட்டில் போட வேண்டும்.

"நீ போடா, என் பேருல போட்டுட்டு வா" என்று நெட்டையனைத் தள்ளினேன்.

விளக்குக் கம்பத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போனான். ஒரு கையில் கம்பம், மறு கையால் பையைத் துழாவிக்கொண்டு தட்டின் முன் அவன் குனிந்ததைப் பார்த்ததும் பழக்கத்தில் விரல் அழுத்திவிட்டது.

முற்றம் முழுக்க வெளிச்சம்.

மறுபடி அழுத்தினேன். வெளிச்சம். அவன் மகிழ்ந்துபோய் என்னிடம் ஓடிவந்தான். பக்கத்தில் வந்ததும் அழுத்தினேன். இருட்டு.

காதில் வாயை வைத்துக் கத்தினால் சொல் புரிவதில்லை. இதுவும் அதுதான், மிகக் கிட்டே இருந்தால் விளக்குக்குச் சமிக்ஞை புரியவில்லை. என் வீட்டுக்காரர் எப்போதும் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போய்த்தான் நிற்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. முகத்தில் நிழல் நன்றாக விழ அப்படி நிற்கிறார் என்று நினைத்திருந்தேன். இந்தக் குறையும் தெரிந்துதான் நின்றாரா என்று இனிக் கேட்க வழியில்லை.

"அந்தப் பக்கம் போ. தட்டுகிட்டயே நில்லு."

"அண்ணி, அம்மா உங்கள விட்டு நகரக்கூடாதுன்னு..."

"அண்ணி வெரட்டுனான்னு சொல்லிக்கோ. ஓடு!"

ஓடினான். கூட்டத்தின் நடுவே என் பக்கத்தில் ஆளில்லை. தோள் குளிர்ந்தது. ஜுமதாய் அண்ணனைப் பார்த்துச் சரி என்று தலையசைத்தேன்.

அவர் கடைசி அடியைப் பாடி, தோம்பிராவின் கழுத்தைத் திரைக்குள் நுழைத்து மேலே தூக்கினார். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. பெண்ணின் கன்னம் சிவப்பாகவே இருந்தது. அழுதிருக்க வேண்டியவள், பாட்டுக்குச் சிரித்த சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை அழுத்தினேன். மூன்றுக்கும் எரிந்தது.

ரவுஷான் அக்கா மருமகளின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு நேரே என்னிடம் வந்து கேமராவின் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அடிப் பாவி, சிரிக்கிறாளே!" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத பெருசா போட்டுக் குடு. சுவத்துல மாட்டணும்."

பெரியவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுப் படத்துக்கு உட்காரத் தொடங்கியிருந்தார்கள். நெட்டையன் கம்பத்தோடு என்னை நோக்கி நடந்து வந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"இன்னும் ரெண்டடி பின்னால போ" என்றேன்.

போய் நின்றான்.