வேலைக்காரியின் சாட்சி

லேனாவும் ஐவனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அக்கா நல்ல மாநிறம். தம்பி வெயிலில் நின்றால் தக்காளியாகச் சிவந்துபோவான். கேப் டவுனில் அவர்கள் வளர்ந்த தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அரசாங்கம் எடுத்துக்கொண்டது. யார் யார் என்ன இனம் என்று அட்டை கொடுக்கத் தொடங்கியபோது லேனாவுக்குக் ‘கலப்பினம்’ என்று வந்தது. ஐவனோ ரயில்வேயில் வெள்ளையருக்கு மட்டுமான டிக்கெட் பரிசோதகர் வேலையில் எப்படியோ நுழைந்திருந்தான். அவன் வெள்ளையனில்லை என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட, விசாரணைக்கு நேரில் வரச் சொல்லி உத்தரவு வந்தது.

“நீ வராதக்கா. உன்னைப் பாத்தாங்கன்னா என் கதை முடிஞ்சுது.”

“தனியாப் போனா எதையாவது உளறுவே. நான் உன் வேலைக்காரியா வர்றேன். பையைக் குடு.”

அதிகாரி ஐவனின் தலைமுடியில் ஒரு பென்சிலைச் செருகித் தலையை ஆட்டச் சொன்னார். விழுந்தால் வெள்ளையன், நின்றால் இல்லை. காலையில் ஐவன் அரை டப்பா தலைக் களிம்பை அப்பியிருந்தான். பென்சில் பாதி வழுக்கி, காதுக்கு மேலே ஒட்டிக்கொண்டு தொங்கியது. அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தொங்குவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. நகக்கண்ணைப் பார்த்தார். மூக்கை இரண்டு பக்கமும் நின்று பார்த்தார். கடைசியில் வாசலில் நின்றவளைக் கூப்பிட்டார்.

“ஏய், இவர்கிட்ட எத்தனை வருஷமா வேலை பாக்கறே?”

“இவர் பொறந்ததுலேருந்துங்க, துரை.”

“ஆள் எப்படி?”

இந்தக் கேள்விக்காக லேனா இருபத்தெட்டு வருடம் காத்திருந்தாள்.

“சாப்பிட்ட தட்டை நகர்த்தினதில்லீங்க. நன்றின்னு ஒரு வார்த்தை வாயில வராது. தன் காலுறை எங்க இருக்குன்னு தேடத் தெரியாது. தப்பு இவர் பண்ணுவார், திட்டு எனக்கு. ஆனா இந்த நாடே தன்னாலதான் ஓடுதுன்னு நெனப்பு!”

அதிகாரியின் முகம் தெளிந்தது. “சந்தேகமே இல்ல, வெள்ளைக்காரர்தான்,” என்று முத்திரையைக் குத்தினார்.

தெருவுக்கு வந்ததும் இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பஸ் வந்தது. கீழ்த்தளம் வெள்ளையருக்கு, மாடி மற்றவர்களுக்கு. ஐவன் கீழே உட்கார்ந்தான். இரண்டாவது நிறுத்தம் தாண்டியதும் இருப்புக் கொள்ளாமல் மாடியேறி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னாலேயே கண்டக்டர்.

“சார், உங்க இடம் கீழ.”

“இவங்க என்…”

“யாருன்னே தெரியலைங்க,” என்று லேனா குறுக்கே விழுந்தாள். “குடிச்சிருக்கார் போல. கூட்டிட்டுப் போங்க.”

ஐவன் அவளையே பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். படிகளில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது.

“வெள்ளக்காரனுங்களுக்கு இங்கயும் வந்து தொல்லை பண்ணணும்,” என்றாள் பின்சீட்டு மீன்காரி.

“ஆமா,” என்று சிரிக்கத் தொடங்கிய லேனா பாதியில் நிறுத்திவிட்டுப் படிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

மாதம் ஒன்று போவதற்குள் ஐவன் வெள்ளையர் பகுதிக்குக் குடிபோக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லேனா கூடையோடு பின்வாசல் வழியாக அங்கே போவாள். திரைகளை இழுத்துவிட்டு, அவனுடைய நாற்காலியில் தான் சாய்ந்து உட்கார்ந்து, அவனைச் சமைக்கச் சொல்வாள். முதல் ஞாயிறு மீன் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல் வந்தது. அதைத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.