மோசாக்கு வீட்டுச் சத்தம்

மோசாக்குவின் வீட்டிலிருந்து அரிசி குலுங்கும் சத்தம் வந்தபோது நான் வைக்கோல் செருப்பு முடைந்துகொண்டிருந்தேன். மழை சற்று ஓய்ந்திருந்த சாயங்காலம். கை அப்படியே நின்றுவிட்டது. மூங்கில் குழலில் கொஞ்சம் அரிசியைப் போட்டு ஆட்டினால் வரும் சத்தம் அது. எங்கள் மலையூரில் யாருக்கும் தப்பாது. சாகக் கிடப்பவரின் காதருகே அப்படி ஆட்டுவோம். ஆயுள் முழுக்க விளைவித்ததைக் கடைசியில் காதாலாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று.

ஆனால் மோசாக்கு வீட்டில் யாரும் சாகக் கிடக்கவில்லை. அவனும் அவன் மனைவி இனேயும் காலையில்தான் என் வயலுக்குப் பக்கத்தில் களை பறித்தார்கள். அரிசியும் இருக்க வழியில்லை. பிரபுவின் ஆட்கள் அளந்து கொண்டுபோன பிறகு ஒரு மணி மிச்சமில்லை என்று எங்கள் ஐந்து வீடும் கோயிலில் சத்தியம் செய்திருந்தோம். ஐந்து வீடு சேர்ந்து ஒரு கட்டு. ஒரு வீட்டில் பதுக்கல் அகப்பட்டால் ஐந்து வீட்டுக்கும் விலங்கு. முதலில் ஓடிப்போய்ச் சொல்லும் வீடு மட்டும் தப்பும். நல்ல ஏற்பாடு. இதனால்தான் நாங்கள் அண்டை வீட்டாரைப் பெற்ற பிள்ளையைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம்.

வெளியே வந்தால், மற்ற மூன்று வீட்டாரும் ஏற்கனவே நின்றிருந்தார்கள். குமாஸோ, விதவை தாத்சு அக்கா, எங்கள் கட்டுக்குத் தலைவர் ஜின்பே. போன வருஷம் ஓர் அதிகாரி ஜின்பேயிடம், உலகத்தில் சாமுராய்க்கு அடுத்த படி குடியானவன்தான், கைவினைஞனும் வியாபாரியும் அதற்குக் கீழேதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஜின்பேயின் வயிறு அவருக்கு ஓரடி முன்னால் நடக்கிறது. இரண்டு படி கீழே நிற்கும் வியாபாரி வெள்ளைச் சோறு தின்கிறான். ஜின்பே தினைக்கஞ்சி குடித்துவிட்டு ஏப்பம் விடுகிறார். அந்தஸ்து அந்தஸ்துதானே.

“எங்க தம்பி கிளம்பிட்டே?” என்றார்.

“அடுப்பு அணைஞ்சு போச்சுண்ணே. மோசாக்கு வீட்டுல கங்கு வாங்கலாம்னு.”

“எனக்கும் அணைஞ்சுதான் கிடக்கு.”

குமாஸோவுக்கும் அணைந்திருந்தது.

“நாலு அடுப்பும் சொல்லி வச்சாப்ல அணைஞ்சிருக்கு, பாவம்,” என்றாள் தாத்சு அக்கா.

நாலு பேரும் ஒன்றாகவே போனோம். அதிகாரியின் சாவடிக்கும் அதே பாதைதான் என்பதால் யாரும் யாரையும் பின்னால் விடவில்லை.

உள்ளே மூலையில் கோரைப்பாயில் எலும்பாகக் கிடந்தான் தோராஜி, மோசாக்குவின் தம்பி. மூன்று வருஷத்துக்கு முன் கோட்டை நகரத்துக்கு ஓடிப்போனவன். அவன் பங்கு வரி எங்கள் தலையில் விழுந்து, அந்தக் குளிரில் மரப்பட்டையை இடித்துத் தின்றோம். ஓடிப்போனவனை வீட்டில் வைப்பது தனிக் குற்றம். மோசாக்கு எழுந்திருக்கவில்லை. தலையைத் தரையில் வைத்துக் குனிந்தான்.

ஜின்பே தொண்டையைக் கனைத்தார். “சாமுராய்க்கு அடுத்த படியில நிக்கிற நாம...”

“அங்கேயே நில்லுங்க, இறங்கிடாதீங்க,” என்றாள் தாத்சு அக்கா. “இனே, அந்தக் குழலைக் கொட்டிக் காட்டு.”

இனே உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஆற்றுப் பொடிக்கல்.

“கல்லா?” ஜின்பேயின் முகம் மலர்ந்தது. “ரொம்ப நல்லது. அரிசியும் இல்ல, குத்தமும் இல்ல.”

பாயிலிருந்து குரல் வந்தது. “கல்லுன்னு மொதல்லயே தெரியும் மதினி. பரவால்ல, ஆட்டுங்க.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் கூரை வைக்கோலுக்குள் ஒரு சிறு மூட்டை இருந்தது. கொண்டுவந்தால் என் கழுத்து மூன்று பேர் கையில். குமாஸோ பிடரியைச் சொறிந்தான். ஒன்றும் இல்லாதவன் இவ்வளவு நேரம் சொறிய மாட்டான் என்று தோன்றியது.

“எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டு வாங்க,” என்றாள் தாத்சு அக்கா. “கதவைச் சாத்தி, நெருப்பைச் சாம்பல் போட்டு மூடிடலாம். இருட்டுல குழல் கை மாறட்டும். போட்டது யாரு, போடாதது யாருன்னு ஒருத்தருக்கும் தெரிய வேணாம்.”

“போடறதுக்கு யார்கிட்ட என்ன இருக்கு?” என்றார் ஜின்பே.

“எங்கிட்டயும் ஒண்ணுமில்ல. அதனாலதான் இருட்டுங்கறேன்.”

நான் ஓடிப்போய் ஓடிவந்தேன், திரும்பி வராமல் சாவடிக்குப் போவது யார் என்று பார்க்க. மூவரும் எனக்கு முன்பே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நெருப்பை மூடினார்கள். பக்கத்து ஆளின் மூக்குகூடத் தெரியவில்லை. கடைசியாகக் குழல் என் கைக்கு வந்தபோது கனத்தது. விரலை விட்டுப் பார்த்தேன். வாய் வரைக்கும் அரிசி. கொண்டுவந்த அரிசியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் மனமில்லை; என் பங்கையும் கட்டைவிரலால் அழுத்தித் திணித்துவிட்டு இனேயிடம் நீட்டினேன்.

இனே ஆட்டுகிறாள் என்று புரிந்தது. அவள் கிமோனோ அங்கியின் கை சரசரத்தது. குழலிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“ஆட்டுறீங்களா மதினி?”

“ஆட்டுறேன்டா.”

மறுபடியும் கிமோனோ மட்டும் சரசரத்தது. குலுங்க இடமில்லாமல் அரிசி அதிகம் ஆகிவிட்டது என்று யாராவது சொல்லவேண்டும். சொல்பவன், தான் போட்டதையும் ஒப்புக்கொண்டவனாகிறான்.

இனே குழலைச் சாய்த்தாள். பலகைத் தரையில் அரிசி மழையாகக் கொட்டி நாலா பக்கமும் தெறித்து ஓடியது. பாயில் தோராஜியின் மூச்சு நின்று, பிறகு நீளமாக வந்தது.

“ஆங்,” என்றான்.

குழலில் மீதி இருந்ததை இனே அவன் காதருகே ஆட்டத் தொடங்கினாள். அந்தச் சத்தத்துக்கு அடியில் பலகையின் மேல் அரிசியைத் தேடி விரல்கள் ஊர்வது கேட்டது. ஒருவருடைய விரல்கள் அல்ல. நானும் கையை நீட்டித் தடவினேன். இருட்டில் எதிரே வந்த ஒரு கை என் கையில் முட்டி, அசையாமல் நின்றது.