லுக்ரேசியாவின் செப்டம்பர் விடுப்பு

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவர் வட ஐரோப்பிய விருந்தாளி. நல்ல மனிதர், அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். மால்ட்டாவுக்குப் பக்கத்துச் சின்னத் தீவான எங்கள் கோசோவில், மர்சல்ஃபோர்ன் கரையோர முக்குளிப்பு விடுதியில், அம்மா அவருடைய படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் ஈரக் காலோடு நின்று கேட்டார்:

"இங்கயே பிறந்தவங்க நீங்க. கடலுக்கடியில உங்களுக்குப் பிடிச்ச இடம் எது?"

"நான் பாத்ததெல்லாம் நீங்க கால்ல ஒட்டிக் கொண்டுவர்ற மணலைத்தான்" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார், அம்மாவும் சிரித்தாள். அவருடைய படகுச் சீட்டோடு வாசலில் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போனபின் அம்மா தலையணையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஒரு தடவை கீழ போய்ப் பாக்கணும்டி. இங்க இல்ல. வேற எங்கயாவது."

2

முதல் வரிக்கு நான் செய்த முயற்சிகளை அழிக்காமல் விடுகிறேன்.

மத்தியதரைக் கடலின் நீலம் ஒரு— [இது விடுதி விளம்பரத்துக்கு நானே எழுதிய வரி. அதற்குச் சம்பளம் வாங்கிவிட்டேன்.]

உழைத்துத் தேய்ந்த கைகளோடு லுக்ரேசியா— [என் அம்மா தேயவில்லை. நேற்றுகூட ஒரு அலமாரியைத் தனியாக நகர்த்தினாள்.]

சரி, என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். சுற்றுலா மேலாண்மை. அதை வைத்து நான் செய்வது, பிறர் விடுமுறைக்கு வழி போடுவது. யார் எந்த விமானத்தில் வருகிறார்கள், எந்தப் படகில் ஏறுகிறார்கள், எந்தக் காற்றடித்தால் எந்தக் கரையில் முங்குகிறார்கள் என்று கணினியில் ஒரு திட்டம். அம்மாவுக்கும் அப்படி ஒன்று போட உட்கார்ந்தேன். பழக்கத்தில் முதல் வரி "கோசோவுக்கு நல்வரவு" என்று விழுந்தது. இரண்டாம் வரியில், அம்மாவின் பெயரெழுதிய அட்டையோடு விமான நிலையத்தில் ஓட்டுநர் நின்றுகொண்டிருந்தார்.

அவள் ஊருக்கு அவளையே வரவழைத்திருக்கிறேன். இங்கிருந்து ஒருவரை வெளியே அனுப்ப எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

3

பாதி ஐரோப்பா முங்குவதற்கு எங்கள் தீவுக்கு வரும்போது அம்மா ஏன் வேறிடம் போக வேண்டும்? ஏனென்றால் அந்த இறுக்கமான ரப்பர் உடுப்போடு அவள் இங்கே கரையில் இறங்கினால், மாலைக்குள் எங்கள் ஷாரா ஊர்த் தேவாலயப் படியில் வேறு பேச்சே இருக்காது.

"சிரிச்சா சிரிக்கட்டுமேம்மா."

"நீ படிச்சவ. உன்னைப் பாத்தா முதுகுக்குப் பின்னாடி சிரிப்பாங்க. என்னைப் பாத்தா மூஞ்சிக்கு நேரா சிரிப்பாங்க."

ஆகவே உஸ்திகா. சிசிலிக்கு வடக்கே ஒரு துண்டு எரிமலைத் தீவு. ஷாராக்காரர் யாரும் எட்டிப் பார்க்காத இடம். படகில் மால்ட்டா, அதன் தலைநகர் வலெட்டாவிலிருந்து விரைவுக் கப்பலில் சிசிலி, பேருந்தில் அதன் வடகரைத் துறைமுகம் பலேர்மோ, அங்கிருந்து இன்னொரு கப்பல். விமானத்தில் போனால் சீக்கிரம். ஆனால் முங்கியவர் ஒரு முழு நாளாவது பறக்கக் கூடாது. உடம்பில் கரைந்த காற்று குமிழாகி மூட்டுகளைப் பிடித்துவிடும். அம்மாவுக்குக் கிடைத்தால் ஒரு வாரம் கிடைக்கும். அதில் ஒரு நாளை வானத்துக்குத் தானம் செய்ய எனக்கு மனசில்லை.

நெஞ்சும் மூச்சும் நன்றாயிருக்கின்றன என்று மருத்துவர் சான்று வேண்டும். எங்கள் ஊர் மருத்துவர் தங்கமானவர்தான், அவருடைய வரவேற்பறையில் காத்திருப்பவர்கள் அப்படியில்லை. மால்ட்டாவுக்குப் படகேறிப் போய்ச் சான்று வாங்கினோம். கேட்டவர்களிடம் அம்மா பல்வலி என்றாள்.

4

இனி கோபத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

கடல் நன்றாக இருக்கும்வரை விருந்தாளிகள் வருவார்கள். அவர்கள் இருக்கும்வரை அம்மாவுக்கு விடுப்பில்லை. காற்று மாறி, கடல் கலங்கி, உஸ்திகாவில் பயிற்சியாளர்கள் கடையைச் சாத்தியபிறகு அம்மாவுக்கு விடுப்பு. [இந்தப் பத்தியில் நான் எதையும் மிகைப்படுத்தவில்லை.]

இந்த இடத்தில் எனக்கொரு வில்லன் தேவைப்பட்டான். விடுதி முதலாளி சென்சுவை எழுதிப் பார்த்தேன். சுருட்டு கொடுத்தேன், பொருந்தவில்லை. கத்த வைத்தேன், அவர் குரல் அதற்கு எழும்பாது. என் பட்டமளிப்புக்கு எங்களைக் காரில் கூட்டிப்போனவர் அவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது? நடந்ததையே தருகிறேன்.

"செப்டம்பர்ல ஒரு வாரமா? கிறுக்கு பிடிச்சிருச்சா உனக்கு? எல்லா ரூமும் நிறைஞ்சிருக்கு."

"அதனாலதான் கேக்கறேன் மாமா. ரூம் நிறைஞ்சிருக்குன்னா கடல் நல்லாருக்குன்னு அர்த்தம்."

"ஜனவரில ஒரு மாசம் எடுத்துக்கச் சொல்லு. நானா வேணாங்கறேன்?"

"ஜனவரில நீங்க முங்குவீங்களா?"

அவர் மேசையிலிருந்த சாவிகளைக் கொஞ்சநேரம் நகர்த்தினார். "நான் எப்பவுமே முங்கினதில்லடி. நெனச்சாலே மூச்சு முட்டும்."

[இந்த வரியை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் அதற்கப்புறம் எனக்கு அவர்மேல் கோபம் குறைந்திருக்காது.]

"சரி, உங்கம்மா பாக்கற ரூமையெல்லாம் யாரு பாத்துக்குவா?"

"நான்."

"நீ பட்டதாரி."

"பட்டதாரிக்கும் கை இருக்கு மாமா."

5

திட்டம் இரண்டு பேருக்கானது. கப்பலில் இரண்டு இருக்கை, கட்டில் இரண்டு, முங்கும்போது பயிற்சியாளருக்கு இந்தப் பக்கம் அம்மா, அம்மாவுக்கு இந்தப் பக்கம் நான். இப்போது நான் கிடையாது. அம்மா மால்ட்டாவைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லை.

"நீ வரலன்னா நானும் போகல."

"உன் வேலைய நான் செய்யலன்னா அவரு உன்னை விட முடியாதும்மா."

அம்மா ரொட்டியில் எண்ணெய் ஊற்றித் தக்காளியைத் தேய்த்தாள். தேய்க்க வேண்டியதற்கு மேலேயே தேய்த்தாள்.

"நீ கூட்டுனா மூலையெல்லாம் அப்படியே கெடக்கும்."

"கெடக்கட்டும். நீ வந்து கூட்டு."

"ஷவர் கதவுல உப்பு படியும். வினிகர் ஊத்தித் தேய்க்கணும். மெத்தையத் தூக்கும்போது முழங்கால மடக்கு, இடுப்புல தூக்காத."

எனக்கு வேலை சொல்லிக்கொண்டே போனாள். அது சம்மதம் என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

துறைமுகத்தில் பக்கத்துத் தெரு மார்த்தீன் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"எங்க கெளம்பிட்ட லுக்ரேசியா?"

"பல்லு."

"பல்லுக்கா இவ்ளோ பெரிய பெட்டி?"

"பெரிய பல்லு" என்று சொல்லிவிட்டு அம்மா படகேறினாள்.

6

[இங்கே கடலைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

பலேர்மோவில் வடமேற்குக் காற்று. உஸ்திகா கப்பல் கிளம்பவில்லை. மறுநாளும் கிளம்பவில்லை. நான் இங்கே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வேறு வழி, வேறு கப்பல், வேறு தீவு என்று தேடினேன். கடைசியில் தோற்றுப்போய் அழைத்தேன்.

"திரும்பி வந்துடறியாம்மா?"

"எதுக்கு?" பின்னால் பலபேர் பேசும் சத்தம். "அந்தத் தீவுக்காரங்க எல்லாரும் இங்க துறைமுகத்துலதான் உக்காந்திருக்காங்க. நாளைக்குக் காத்து அடங்கிரும்னு சொல்றாங்க. முங்கச் சொல்லித்தர்ற பொண்ணும் இங்கதான் மாட்டிக்கிட்டிருக்கா. நான் கொண்டுவந்த பாலாடைக்கட்டியத்தான் ரெண்டு பேரும் தின்னுக்கிட்டிருக்கோம். நீ ரூம்களப் பாரு."

என் திட்டத்தில் இந்தத் துறைமுகம், கப்பல் மாறும் இடம் மட்டுமே. அங்கே உட்கார்ந்து பயிற்சியாளரோடு சாப்பிடலாம் என்று நான் எழுதியிருக்கவில்லை.

7

நேற்று கப்பல் போனது. திரும்பிவரும் நாட்களைக் கழித்தால், முங்க மிஞ்சியிருப்பது இன்று ஒரு நாள்தான். சற்றுமுன் குரல் செய்தி வந்தது: "படகுல ஏறிட்டேன். ரப்பர் சட்டைய மாட்டறதுக்குள்ள உயிரே போயிருச்சு, ரெண்டு பேர் இழுத்தாங்க. போனைப் பையில வைக்கச் சொல்றா அந்தப் பொண்ணு. வெச்சுடறேன்."

கதைக்குச் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முகமூடிக்குள் அம்மா அழுகிறாள்— [வேண்டாம். ஏழைப் பெண் அழகைக் கண்டால் அழுவாள் என்று யார் சொன்னது?]

படகின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பரவாயில்லை என்று— [இது நடக்கலாம். எழுதக் கை வரவில்லை.]

ஒரு களவா மீன் அருகில் வந்து— [மீன் என்ன செய்யும் என்று எனக்கென்ன தெரியும். நானும் முங்கியதில்லை.]

நான் அங்கே இல்லை, அதனால் எழுதமாட்டேன். ஆனால் அவளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. என் பெயரில் பதிவானது, இன்னும் ரத்து செய்யவில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியாளர் அம்மாவுக்கு வலப்பக்கம் இருப்பாள், நீங்கள் இடப்பக்கம் போங்கள். நங்கூரக் கயிற்றைப் பிடித்து மெதுவாக இறங்க வேண்டும். அம்மாவுக்குக் காது அடைக்கும், மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லிச் சைகை காட்டுங்கள். வலித்தால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி இறங்கலாம், வெட்கமில்லை. பேச முடியாத இடம் என்பதால் முதலில் அவளுக்குக் கோபம் வரும். உங்கள் கையை நெரிப்பாள். மெத்தை தூக்கும் கை, வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் பிடி தளரும்.

அப்போது நீங்களாக அவள் கையை மறுபடி பிடிக்காதீர்கள்.