பதினோராம் ஆண்டு மாநாட்டுக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இது என் அண்ணி கோபத்தில் கொட்டியது. நான் கீழே குனிந்து பொறுக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் என் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். கைப்பையிலிருந்து வழவழப்பான துண்டறிக்கை ஒன்றை எடுத்து என் மேஜைமேல் போட்டார்.

"நீதான் கதை எழுதுறவளாச்சே. இதை எழுது."

"இது ஏதோ மாநாட்டு நோட்டீஸ் அண்ணி."

"அதுல இருக்குற ஒவ்வொரு வரியும் நான் எழுதினது. இப்போ படிச்சா எனக்கே பத்திக்கிட்டு வருது."

அட்டையில் 'மருத்துவக் கல்வி ஆய்வில் புதுமை: பதினோராம் ஆண்டு மாநாடு' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'பேசத் துணியும் கல்வி'. நடுவில் ஒரு படம். டாக்டர் கோட்டு போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர், கட்டிலில் கிடக்கும் பயிற்சிப் பொம்மைக்கு ஊசி போடக் குனிந்திருக்கிறார். எதிரே ஒல்லியான மாணவி ஒருத்தி, கையை நீட்டி அவரைத் தடுக்கிறாள்.

அன்று மாலையே முதல் வரியை எழுதினேன்:

மழைக்கு முந்தைய கனத்த அமைதியில், மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் அவள் தன்னந்தனியாக—

தொலைபேசியில் வாசித்துக் காட்டியதும் அண்ணி கேட்டார், "எந்த மழை?"

அந்த வரியை அடிக்கவில்லை, பாதியில் விட்டிருக்கிறேன். பொய் எங்கே தொடங்க இருந்தது என்று உங்களுக்கும் தெரியட்டுமே.

2

அண்ணி ஒரு செவிலியர் கல்லூரியின் விளம்பரப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறார். பிரிவு என்றால் அவரும் ஒரு கணினியும். ஆண்டு மாநாட்டுக்கு ஆள் சேர்ப்பது அவர் பொறுப்பு. போன வருடம் எழுநூறு பேர் உட்காரும் அரங்கத்தில் நூற்றெண்பது பேர் வந்தார்கள். அதிலும் பாதிப் பேர் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டார்கள்.

மாநாட்டுச் செயலாளர் அதே கல்லூரியில் பேராசிரியர், துறைத் தலைவர். என் முதல் பிரதியில் அவருக்கு இறுகிய உதடுகளும், சிரிக்காத கண்களும் கொடுத்திருந்தேன். அண்ணிக்குப் பிடிக்கவில்லை.

"அவர் நல்லா சிரிப்பார். எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஒரு நாள் விடாம வந்து பார்த்தார். நல்ல மனுஷன். அதான் எனக்கு எரிச்சலே."

சரி, நல்ல மனிதர். அந்த நல்ல மனிதர் மூன்று மாதத்துக்கு முன் அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னார், "பத்து வருஷமா புதுமை புதுமைன்னு போட்டுட்டு இருக்கோம். யாரு வர்றா? ஒரு முகம் வேணும்மா. ஒரு கதை வேணும். எங்கேயாவது தேடிப் பிடிங்க."

அண்ணி தேடிக்கொண்டு போன இடம், இரண்டாம் மாடியில் இருந்த பயிற்சி அறை.

3

அங்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தவரை மாணவிகள் 'நிறுத்து மிஸ்' என்று அழைப்பார்கள். பட்டப்பெயர்தான், ஆனால் அவர் எதிரிலேயே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

நான்கு வருடத்துக்கு முன் வார்டில் ஒரு சம்பவம் நடந்தது. பெரிய டாக்டர் ஒருவர் நோயாளி ஒருவருக்கு ஓர் ஊசியைப் போடச் சொன்னார். அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று கோப்பில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற மாணவி அதைப் படித்தும்விட்டாள். ஊசி போட்டாயிற்று. நோயாளி மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார்.

ஏன் சொல்லவில்லை என்று மிஸ் அவளைக் கேட்டார்.

"சொன்னேன் மிஸ். மனசுக்குள்ள சொன்னேன்."

(இந்த இடத்தில் நம் கல்வி முறை பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் என் ஒரு பக்கம் நிற்க முடியாமல் விழுந்துவிட்டது.)

அதிலிருந்துதான் மிஸ் இந்தப் பாடத்தை உருவாக்கினார். அலமாரியில் இருக்கும் டாக்டர் கோட்டைத் தானே போட்டுக்கொள்வார். பொம்மை நோயாளிக்கு வேண்டுமென்றே தப்பான மருந்தை எடுப்பார். மாணவி அவரை நிறுத்த வேண்டும். "ஒரு நிமிஷம் டாக்டர், அதைப் போட வேண்டாம்." இவ்வளவுதான் வசனம்.

அண்ணி போன அன்று ஒரு ஒல்லிப் பெண்ணின் முறை. முதல் தடவை அவளுக்கு வாயே திறக்கவில்லை. இரண்டாவது தடவை "ஒரு நிமிஷம்" என்று தொடங்கி, பின் தரையைப் பார்த்தாள்.

மிஸ் அண்ணியிடம் திரும்பிச் சொன்னார், "பொம்மைதான்னு இவளுக்குத் தெரியும். கோட்டுக்குள்ள இருக்கிறது நான்தான்னும் தெரியும். அப்படியும் வர மாட்டேங்குது பாருங்க."

மூன்றாவது தடவை அந்தப் பெண் கையை நீட்டி, குரல் உடைய, முழு வசனத்தையும் சொன்னாள். வகுப்பு முழுக்கக் கைதட்டியது. அண்ணி படம் எடுத்தது அந்த நொடியில்தான்.

அந்தப் படத்தோடு துண்டறிக்கை போயிற்று, பேனர் தொங்கியது. அறுநூற்று நாற்பது பேர் பதிவு செய்தார்கள். செயலாளர் அண்ணியைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அண்ணி வீட்டுக்கு வந்து என் அண்ணனிடம் பீற்றிக்கொண்டார். (இதையும் எழுதச் சொன்னது அவர்தான்.)

4

நிகழ்ச்சி நிரலை அச்சுக்கு அனுப்பும் முன் அண்ணி ஒருமுறை சரிபார்த்தார். இரண்டு நாள், நாற்பத்திரண்டு கட்டுரைகள். இந்தப் பாடம் பற்றித் தன் ஆய்வைப் படிக்க இருந்த மிஸ்ஸின் பெயர் இல்லை. தட்டச்சில் விட்டுப்போயிருக்கும் என்று செயலாளர் அறைக்குப் போனார்.

"விட்டுப்போகலம்மா. எடுத்தாச்சு."

"ஏன் சார்?"

"ஒரே ஒரு அட்டவணையை எடுத்துட்டுப் பேசுங்கன்னு மாநாட்டுக் குழு சொல்லுச்சு. மாட்டேன்னுட்டாங்க."

அட்டவணையை அவரே எடுத்துக் காட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு மாணவிகளிடம் மிஸ் கேட்டிருந்தார். வார்டில் தப்பு நடப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நூற்று முப்பத்தேழு பேர். வாய் திறந்து சொன்னவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்கு அடுத்த பருவத்தில் உள்மதிப்பெண் குறைந்திருந்தது.

"உள்மதிப்பெண் யாரு போடுறா? நாமதானே. வெளியிலேருந்து இத்தனை பேர் வர்ற இடத்துல, நம்ம அழுக்குக்கு நாமே விளக்குப் பிடிக்கணுமா?"

அண்ணி அட்டவணையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அப்போ போட்டோவை எடுத்துடலாமா சார்?" என்று கேட்டார்.

"போட்டோ எதுக்கு? போட்டோ நல்லாத்தானே இருக்கு."

இது கதைக்காக நான் கூர்தீட்டிய வரி என்று நினைப்பீர்கள். இல்லை. இதைவிடக் கூராக எழுத முயன்று மூன்று தடவை தோற்றேன். ஒரு பெண்ணின் முகம் வேண்டும், அவள் கை வேண்டும், அவள் வகுப்பில் நடுங்கிய பெண்ணின் குரல்கூட வேண்டும். அவள் கண்டுபிடித்தது மட்டும் வேண்டாம். இதை அந்த மனிதர் எந்த வெட்கமும் இல்லாமல், தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

மிஸ்ஸுக்கு மாநாட்டில் வேறு வேலை தரப்பட்டிருந்தது. வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பை கொடுப்பது. அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார் என்று செயலாளர் சொன்னார்.

5

அண்ணியிடம் இருந்தது ஒன்றே ஒன்று, பதிவு செய்த அறுநூற்று நாற்பது பேரின் மின்னஞ்சல் முகவரி.

முதலில் எழுதிய கடிதம் திட்டாக இருந்தது. அழித்தார். இரண்டாவது, 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று தொடங்கியது. இந்தச் சொற்களைக் கண்டுபிடித்தவர் யாரோ, உலகத்து அலுவலகங்கள் எல்லாம் சேர்ந்து அவருக்குச் சிலை வைக்க வேண்டும். எத்தனை எத்தனை தவிர்த்திருக்கக்கூடிய காரணங்கள் அதன் அடியில் படுத்துத் தூங்குகின்றன. அதையும் அழித்தார்.

மூன்றாவது இது:

'திருத்தம். எங்கள் துண்டறிக்கையின் அட்டையில் இருக்கும் ஆசிரியை இந்த மாநாட்டில் பேச மாட்டார். தன் ஆய்விலிருந்து ஓர் அட்டவணையை நீக்க மறுத்ததால் அவர் பெயர் நீக்கப்பட்டது. அவர் படத்தைக் காட்டி உங்களை அழைத்தவள் நான். வருந்துகிறேன்.'

மாநாடு வெள்ளிக்கிழமை. கடிதம் போனது திங்கள் காலை பதினொன்று பத்துக்கு.

நான் எழுதியிருந்தேன்: 'பொத்தானின்மேல் அவர் விரல் நடுங்கியது.'

"நடுங்கல. இன்டர்நெட் மெதுவா இருந்துச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு. போயிடுச்சான்னு பார்த்துட்டு டீ குடிக்கப் போனேன்."

6

வாசகரே, இங்கே நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். மிஸ் ஓடி வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்கள் கலங்க வேண்டும். நானும் அதைத்தான் எழுதியிருந்தேன், நன்றாகவே வந்திருந்தது.

நடந்தது வேறு. மதியம் மிஸ் வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"என்னைக் கேட்டீங்களா?"

"மிஸ், உங்களுக்காகத்தான்—"

"போட்டோ எடுக்கறப்போவும் கேக்கல. 'அப்படியே நில்லுங்க மிஸ்'னீங்க. இப்போ எனக்காகப் பேசியும் குடுத்துட்டீங்க. எனக்கு வாய் இல்லையா?"

மிஸ் நிறுத்தவில்லை.

"பை குடுக்குற வேலையை நான் ஏன் சரின்னேன்னு யோசிச்சீங்களா? அந்த அட்டவணையை ஒரு பக்கமா அறுநூத்தி நாப்பது பிரதி எடுத்து வெச்சிருந்தேன். ஒவ்வொரு பையிலயும் ஒண்ணு. உள்ளே போய் உக்காந்து, பையைத் திறந்தா தெரியும். யாரும் எதுவும் செய்ய முடியாது. இப்போ உங்க மெயிலைப் பார்த்துட்டு என்னை வாசல்லேருந்தும் எடுத்துட்டாங்க."

மிஸ் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

இதை அண்ணி சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. அண்ணி செய்ததைத்தானே நானும் செய்துகொண்டிருக்கிறேன்? ஆறாவது பகுதியை எடுத்துவிடட்டுமா என்று அண்ணியைக் கேட்டேன். இது இல்லாவிட்டால் அவர் குறையற்ற வீராங்கனை, கதையும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

"எடுத்துப் பாரு. அப்புறம் உனக்கும் அந்தச் செயலாளருக்கும் என்ன வித்தியாசம்?"

ஆகவே, எழுதிய வரைக்கும் எடுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் போனேன். பயிற்சி அறையில், பொம்மையின் கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் படித்தார். என் உவமைகளில் நான்கை அடித்தார். கண்கள் கலங்கும் காட்சியைக் கிழித்தே என்னிடம் கொடுத்தார்.

"பேரு வேண்டாம். பரிதாபம் வேண்டாம். ஒன்பது, ஆறு, இந்த ரெண்டு எண்ணையும் கதைக்காக மாத்திடாதீங்க. அது போதும்."

"கதைன்னா யாரும் நம்ப மாட்டாங்களே மிஸ்."

"ஆய்வுன்னு குடுத்தப்போ மட்டும் நம்பினாங்களா?"

7

மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி அண்ணியிடம் விளக்கம் கேட்டது. 'கவனக்குறைவால் தவறுதலாக அனுப்பப்பட்டது' என்று தட்டச்சு செய்து, கையெழுத்து மட்டும் போடச் சொல்லித் தாளைச் செயலாளரே கொண்டுவந்தார். அவர் நல்ல மனிதர் என்று சொன்னேனே. என் அண்ணனும் போட்டுவிடு என்றுதான் சொன்னான். அண்ணி அந்த வரியை அடித்துவிட்டு, 'தெரிந்தே அனுப்பினேன். ஆசிரியையிடம் கேட்காமல் அனுப்பியது மட்டுமே என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இப்போது அவர் மாணவிகளின் சீருடை அளவு எடுக்கும் பிரிவில் இருக்கிறார். மிஸ் தன் ஆய்வை வேறொரு இதழுக்கு அனுப்பியிருக்கிறார், இன்னும் பதில் இல்லை. பாடம் நடக்கிறது.

ஆனால் மாநாட்டு நாளை நான் இன்னும் சொல்லவில்லை. தள்ளிப்போட்டதற்குக் காரணம், அதற்கு எனக்கு முடிவு எழுத வரவில்லை.

கடிதத்தை ஐந்நூற்று எண்பத்தெட்டு பேர் திறந்து படித்ததாகக் கணினி காட்டியது. பதினோரு பேர் தனியாகப் பதில் போட்டிருந்தார்கள், 'உங்கள் துணிச்சலுக்குப் பாராட்டுகள்' என்று. அதில் நான்கு பேர், தங்கள் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை அறுநூற்றுப் பதினோரு பேர் வந்தார்கள். எல்லோரும் படித்தவர்கள். எல்லோரும் யாருக்கோ கற்றுக்கொடுப்பவர்கள்.

'பேசத் துணியும் கல்வி' என்று செயலாளர் முக்கால் மணி நேரம் பேசினார். பின்னால் திரையில் மிஸ்ஸின் படம். பிறகு ஏழு நிமிடம் கேள்வி நேரம். ஒலிவாங்கி கைமாறி வரிசை வரிசையாக வந்தது. ஒருவர், சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். இன்னொருவர், உரையின் பிரதி கிடைக்குமா என்றார். மூன்றாமவர் கேள்வியே கேட்கவில்லை, இரண்டு நிமிடம் புகழ்ந்தார். கடைசி வரிசையில் அண்ணி மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்களாவது கேட்டிருக்கலாமே அண்ணி?"

"அனுப்பினதோட என் தைரியம் தீர்ந்துபோச்சு. நானும்தான் கேக்கல. அப்படியே எழுது."

இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. ஒரு பிரதியில் அந்த ஒல்லிப் பெண்ணை எழுப்பி அரங்கத்தின் நடுவில் நிறுத்தினேன். இன்னொன்றில் செயலாளரின் மனசாட்சியை உறுத்தவிட்டேன். இரண்டையும் அண்ணி படித்துவிட்டு, "இவங்க அறுநூறு பேரும் செய்யாததை அந்தச் சின்னப் பொண்ணு தலையில ஏன் கட்டுற?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். அதனால் அந்த இரண்டு நிமிடத்தை அப்படியே விடுகிறேன். நீங்கள் பதினான்காவது வரிசையில் இருக்கிறீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஒலிவாங்கியை உங்களிடம் நீட்டுகிறார். யார் நீக்கப்பட்டார், எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். எண்களும் தெரியும். மேடையில் இருப்பவர் உங்களைப் பார்த்துக் கனிவாகச் சிரிக்கிறார்.

அதை வாங்கி, வாய் திறக்காமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடுவது ஒன்றும் கஷ்டமில்லை. அன்று அந்த இரண்டு நிமிடமும் எல்லோரும் அப்படித்தான் கொடுத்தார்கள்.