நிற்காத கப்பல்

கதவைத் தட்டக் கையெடுத்த லயனல் பென்ஹேல், தெருமுனை வரை திரும்பிப் போய்விட்டு மறுபடி வந்தார். கார்சைட்டின் மகள் வினிஃப்ரெட் திறந்தாள். "அப்பா கொல்லையில இருக்காரு. காது சரியாக் கேக்காது, சத்தமாப் பேசுங்க."

முதல் உலகப் போரில் கார்சைட்தான் பென்ஹேலின் போர்க்கப்பலுக்குக் கேப்டன். குண்டுபட்டு மூழ்கிய சரக்குக் கப்பலின் ஆட்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள். அதைத் தாக்கிய நீர்மூழ்கிக் கப்பல் பக்கத்திலேயே பதுங்கியிருந்தது; நின்றால் அடுத்த குண்டு இவர்களுக்கு. கார்சைட் தன் கப்பலை நிறுத்தவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில், எல்லா அதிகாரிகள் முன்னாலும், இளம் லெப்டினன்ட் பென்ஹேல் எழுந்து "நீங்க ஒரு கோழை, சார்" என்றார். கார்சைட் புகார் எழுதவில்லை. சூப்பைக் குடித்து முடித்தார். பென்ஹேல் மாற்றல் வாங்கிப் போய், போகுமிடமெல்லாம் அதைச் சொன்னார். கார்சைட்டுக்குப் பதவி உயர்வு வரவேயில்லை. அதற்கும் தன் நாக்குக்கும் தொடர்பிருக்குமோ என்று பென்ஹேல் யோசித்ததேயில்லை.

அடுத்த போரில், அட்லாண்டிக்கில், ஒரு விடியற்காலை, பென்ஹேலே கேப்டன்; அங்கேயும் அடியில் ஒரு நீர்மூழ்கி. தண்ணீரில் கிடந்தவர்கள் தங்களைத் தூக்கத்தான் கப்பல் வருகிறது என்று நினைத்துக் கையசைத்து ஆரவாரம் செய்தார்கள். முகங்கள் தெரிந்தன. "முழு வேகம்" என்றது அவர் வாய்தான்.

கொல்லையில் கார்சைட் சிவப்பாய்ப் பூத்திருந்த அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்.

"பென்ஹேல், சார்!"

"யாரு?"

"உங்களக் கோழைன்னு சொன்னவன்!"

பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அட, நீயா! நல்லா நரைச்சுட்டியேடா."

"நானும் அதையேதான் செஞ்சேன், சார்."

கிழவர் காதருகே கையைக் குவித்தார். "என்னது?"

"நானும் நிக்காமப் போனேன்! ஆளுங்க தண்ணியில கிடந்தாங்க!"

அந்தப் பெண் பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பென்ஹேலுக்குக் காதுமடல் எரிந்தது.

கார்சைட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னை யாரு கோழைன்னு சொன்னா?"

"யாரும் சொல்லல, சார்! பதக்கம் குடுத்தாங்க!"

"ஐயோ பாவம்." குரலில் கேலி இல்லை. "எனக்காவது நீ இருந்த."

கிழவர் சணல் கயிற்றின் ஒரு நுனியைப் பென்ஹேலிடம் நீட்டினார். "இதப் பிடி. விட்டுடாத, சரிஞ்சிடும்."

மறுநுனியை அவர் குச்சியில் சுற்றத் தொடங்கினார். பென்ஹேல் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தும் கயிறு நடுங்கிற்று. அந்த நடுக்கம் பந்தலில் ஏறி, சிவந்த சிறு பூக்கள் ஒவ்வொன்றாக அசைந்தன.