பதினோரு எழுத்து

பச்சியப்பன் ரூட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா மாரப்பன். வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிமேல் சாய்த்து வைத்திருந்த அப்பாவின் போனில், மஸ்கட்டிலிருக்கும் தம்பி தமிழ்மணியின் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றுபோயிருந்தது. குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது.

“அண்ணா, தெருவே நம்ம வைஃபைலதான் இருக்குது. அப்பாவுக்கு எழுத்து தெரியாதேன்னு பாஸ்வேர்டு போடாம வுட்டிருந்தேன். இப்பப் போட்டுடு, எல்லாம் கட்டாயிரும். எடுக்கறதுக்குள்ள மூஞ்சிய ஒருக்கா பாத்துக்கறேன்.”

“செல்லு டவரும் இந்தப் பள்ளத்துல எடுக்காது. சீக்கிரம் போடுப்பா, பாவம் சின்னவன்” என்றார் மாமா காளியப்பன்.

பாவம் சின்னவன். காலையிலிருந்து வந்தவர்களெல்லாம் அந்தப் போனைப் பார்த்துத்தான் அழுதார்கள். நாலு மாசம் மூத்திரத் துணி அலசியவனை ஒரு வாய் காபி குடித்தாயா என்று யாரும் கேட்கவில்லை. விடியற்காலை அப்பா வாயில் பால் விட்டதும் அவன்தான். பால் கடைவாயில் வழிய, அப்பாவின் கண் போன் பக்கமே போனது. “சின்னவன் பேசுனானா?” அவ்வளவுதான்.

பச்சியப்பன் தன் போனில் ரூட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்தான். கல் குவாரியில் லோடு ஏற்றி ஏற்றி, நாற்பது வயதுக்கு மேல் மகள் புத்தகத்தில் எழுத்து கற்றவன். இங்கிலீஷில் தப்பில்லாமல் எழுத வருவது ஒன்றே ஒன்று, தன் பேர். அதையே பாஸ்வேர்டாகப் போட்டு அழுத்தினான்.

“டேய், நெட்டு போச்சுடா” என்று தெருவில் சத்தம் கேட்டது. தம்பியின் முகமும் போனது.

“என்னங்க, கொழுந்தனாரக் காணமே?” என்றாள் அவன் மனைவி பாஞ்சாலி.

“இதுலயும் பாஸ்வேர்டு போடோணும்.”

“போடுங்க, எடுக்க நேரமாச்சு. என்னா வெச்சீங்க?”

அப்பாவின் போனைக் கையில் எடுத்தான். அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. ரெண்டு எழுத்து தட்டினான். கண்ணாடிக்குள் அப்பாவின் முகம் எந்தப் பக்கமும் திரும்பாமல் அவனுக்கு நேராக இருந்தது. தட்டியதை அழித்தான்.

“மறந்துட்டேன்.”

“இப்பத்தான போட்டே?” காளியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். “கல்லு தூக்கறவன் கைல குடுத்தா வேற என்னா ஆவும்!”

பச்சியப்பன் கொள்ளிச்சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

சுடுகாட்டிலிருந்து ஈரத்துணியோடு திரும்பியபோது ஐஸ் பெட்டியைக் கொண்டுபோயிருந்தார்கள். போன் ஜன்னலில் கிடந்தது. நின்றபடியே பதினோரு எழுத்தையும் தட்டினான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

உடனே போன் அடித்தது. தம்பி தலைக்குக் குளித்து, சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தான்.

“வந்துருச்சுண்ணா, தெளிவா வந்துருச்சு! எனக்காவ நிறுத்தி வெச்சிருக்கீங்கல்ல? அப்பாவக் காட்டுண்ணா.”

பச்சியப்பன் போனைத் திருப்பினான். கழுவிவிட்ட தரையில், ஈரம் காயாத இடத்தில், ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.